கேக்குக்கு ஐசிங் போடும் மெஷின்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் மலையகப் பிள்ளைகள் செயற்றிட்டமாக எடுக்கும் மெஷின்களில் இதுவும் ஒன்று. நுவரெலியாவில் கேட்கும் சந்தேகமே பண்டாரவளையிலும் பதுளையிலும் வருகிறது. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். மின்சுற்றைவிட இயந்திர அமைப்பைப் பற்றியே அதிகம் பேசுகிறோம், ஏனென்றால் பெரும்பாலான மெஷின்கள் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

1. இந்த மெஷின் உள்ளுக்குள்ள என்னதான் செய்யுது?

இரண்டே வேலை. ஒரு சிரிஞ்சின் முனையைக் கேக்கின் மேல் சொன்ன பாதையில் கொண்டுபோவது ஒன்று, போகும் வேகத்துக்குச் சரியான அளவு ஐசிங்கைப் பிதுக்குவது மற்றொன்று. முதல் வேலையை முப்பரிமாண அச்சு மெஷின்கள் நன்றாகச் செய்து காட்டிவிட்டன, அதைப் பார்த்துச் செய்துவிடலாம். இரண்டாவதுதான் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது. அங்கே தள்ளுவது பிளாஸ்டிக் கம்பியை அல்ல. குளிருக்கு இறுகி, வெயிலுக்கு இளகி, உள்ளே காற்றையும் வைத்திருக்கும் ஒரு கூழை.

2. முதல் மொடலுக்கு என்னென்ன சாமான் வாங்கணும்?

நீமா 17 ஸ்டெப்பர் மோட்டர் நான்கு (இரண்டு அச்சு, உயரம், சிரிஞ்), மெஷினின் மூளையாக ஆர்டுயினோ மெகாவும் ராம்ப்ஸ் 1.4 போர்டும், மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 ட்ரைவர் நான்கு, 12 வோல்ட் பவர் சப்ளை, ஜிடி2 பெல்ட், 20 பல் கப்பிகள், 8 மி.மீ. வழுக்குக் கம்பிகளும் அவற்றுக்கான பெயரிங்குகளும், டி8 லீட் ஸ்க்ரூ இரண்டு. ட்ரைவரில் மட்டும் இரண்டு அதிகமாக எடுங்கள். கரண்ட் ஓடும்போது மோட்டர் வயரைக் கழற்றினால் ட்ரைவர் செத்துவிடும். அதை எல்லாரும் ஒரு தடவையாவது செய்வார்கள், புறக்கோட்டையிலிருந்து அடுத்தது வரும்வரை வேலை நிற்கும்.

லீட் ஸ்க்ரூ வாங்கும்போது ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. நகரும் என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 8 மி.மீ. நகர்வது. சிரிஞ்சுக்கு வேண்டியது 2 மி.மீ. நகர்வது. காரணம் 8ஆம் பதிலில் இருக்கிறது.

3. எடுத்த எடுப்பில அலுமினியத்தில செஞ்சா என்ன? அட்டையில செஞ்சு பாக்கிறது டைம் வேஸ்ட் இல்லையா?

அட்டை மொடலுக்கு ஒரு பின்னேரம் போதும். சிரிஞ் முழுதாக இழுபட்டு நிற்கும்போது எவ்வளவு உயரம் வேண்டும், 8 அங்குலக் கேக்கைப் பலகையோடு உள்ளே தள்ள இடம் இருக்கிறதா, சிரிஞ்சைக் கழற்றக் கை நுழைகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். இந்த மூன்றும் தெரியாமல் அலுமினியத்தை அறுத்தால் இரண்டாம் தடவையும் அறுக்க வேண்டிவரும். 60 மி.லீ. சிரிஞ் தண்டு வெளியே இழுபட்ட நிலையில் தன் நீளத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும் என்பதை வரைபடத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அட்டைக்கு அடுத்தது பிளைவுட். எம்டிஎஃப் பலகை வேண்டாம். மழையும் மூடுபனியும் கட்டி நிற்கும் மாதங்களில் அது ஈரத்தை இழுத்து ஊதும், துளைகள் இடம் மாறும். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தின் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர்களும் உண்டு. நன்றாகக் காய்ந்த பலகையானால் சரி, பச்சைப் பலகை ஒரு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். அளவுகள் நிலைத்த பிறகு அலுமினியத்துக்குப் போகலாம்.

4. கேக் நகரணுமா, மேல இருக்கிற தலை நகரணுமா?

பலகையோடு 2 கிலோ வரும் கேக்கை முன்னும் பின்னும் இழுத்தால் ஒவ்வொரு திரும்பலிலும் அது குலுங்கும், அலங்காரமும் சேர்ந்து குலுங்கும். கேக் அசையாமல் இருக்கத் தலை நகர்வதே எங்கள் தேர்வு. அப்படியானால் தலை இலேசாக இருக்க வேண்டும். மோட்டரும் ஸ்க்ரூவும் சிரிஞ்சும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டவிடாதீர்கள்.

சுற்றும் தட்டு மூன்றாவது வழி. கேக்கின் ஓரத்தில் வளையம் போடவும் பக்கச் சுவரில் வேலை செய்யவும் அதற்கு இணை கிடையாது. மோட்டரில் 20 பல், தட்டில் 60 பல் கப்பி வைத்தால் ஒரு சுற்றுக்கு 9600 நுண்படிகள் கிடைக்கும். மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி ஒரு படி 0.07 மி.மீ.கூட இல்லை. ஆனால் மையத்தை நெருங்க நெருங்க, ஒரு சிறிய கோட்டுக்கே தட்டு பாதிச் சுற்றுப் பறக்க வேண்டியிருக்கும். பெயர் எழுதும் எண்ணம் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

5. ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஐசிங் அடிச்சா காசு கட்டாது. வேற வழி இருக்கா?

சிரிஞ் இருக்கும் இடத்தில் ஒரு பேனாவைக் கட்டிக் கடதாசியில் வரையவிடுங்கள். 100 மி.மீ. சதுரம் ஒன்று, 100 மி.மீ. வட்டம் ஒன்று. இதில் வரும் பிழை முழுக்கச் சட்டத்தின் பிழை, ஐசிங்குக்கு அதில் பங்கில்லை. பேனாவில் சரியாக வராத மெஷினில் சிரிஞ்சை மாட்டவே கூடாது. மாட்டினால் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

பிதுக்கும் சோதனைக்கு மாஜரினும் ஐசிங் சீனியும் சேர்த்து அடித்த ஒரே கலவையை மூடிவைத்துப் பல தடவை பயன்படுத்தலாம், சாப்பிட மட்டும் வேண்டாம். கோதுமை மாவைக் குழைத்துச் சோதிப்பது ஏமாற்றும். மா இழுபட்டுச் சுருங்கும் தன்மை கொண்டது, பட்டர் ஐசிங் அப்படி நடந்துகொள்ளாது.

6. பேனாவில வட்டம் போட்டா முட்டை மாதிரி வருது. கோட் பிழையா?

எப்படிப்பட்ட முட்டை என்று பாருங்கள். சாய்ந்த முட்டையானால் இரண்டு அச்சும் செங்குத்தாக இல்லை. சதுரத்தின் மூலைவிட்டங்களை அளந்தால் தெரியும், இரண்டும் 141.4 மி.மீ. வர வேண்டும். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடத்தில் வட்டம் தட்டையாகிப் படி விழுந்தால், திரும்பும்போது அச்சு தளர்ந்து ஆடுகிறது. பெல்ட்டை இறுக்குங்கள். அதற்கு முன் கப்பியின் குட்டி ஸ்க்ரூ மோட்டர் தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கோளாறில் பாதி அந்த ஸ்க்ரூதான்.

அளவே மாறி வந்தால் கணக்கு. 20 பல் ஜிடி2 கப்பி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும். மோட்டர் ஒரு சுற்றுக்கு எடுக்கும் 3200 நுண்படியை 40ஆல் பிரித்தால் மி.மீ.க்கு 80 படி. 100 மி.மீ. கேட்டு 80 மி.மீ. வந்தால் கையில் இருப்பது 16 பல் கப்பி. சரிபாதி, 50 மி.மீ. வந்தால் ஏ4988 என்று நினைத்து டிஆர்வி8825 ட்ரைவரைப் போட்டிருக்கிறீர்கள். படியை எத்தனையாகப் பிரிப்பது என்று சொல்லும் குட்டி இணைப்புகளான மூன்று ஜம்பரும் போட்டால் அது படியை 16ஆக அல்ல, 32ஆகப் பிரிக்கும்.

7. சிரிஞ் எந்த சைஸ்? பெரிசா எடுத்தா அடிக்கடி நிரப்ப வேண்டாம்தானே?

அடிக்கடி நிரப்ப வேண்டாம் என்பது உண்மை. ஆனால் குழாய் அகல அகலத் தள்ளும் விசையும் கூடும். வாங்கிய சிரிஞ்சின் உள்விட்டத்தை வேணியரால் அளங்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும். 60 மி.லீ. சிரிஞ்சுக்கு 27 மி.மீ. என்று வைத்தால் குறுக்குப் பரப்பு 572 சதுர மி.மீ. 20 மி.மீ. உள்விட்டமுள்ள சிறிய சிரிஞ்சுக்கு 314. அதே அழுத்தம் கொடுக்கக் கிட்டத்தட்டப் பாதி விசை போதும்.

இனி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்ப்போம். 4 மி.மீ. தடிப்பான ஐசிங் கோட்டின் குறுக்குப் பரப்பு 12.6 சதுர மி.மீ. ஆகவே 60 மி.லீ.யில் ஏறக்குறைய 4.7 மீற்றர் கோடு வரும். 8 அங்குலக் கேக்கைச் சுற்ற 64 செ.மீ. வேண்டும், ஏழு சுற்றுக்குக் காணும். 20 மி.லீ.யில் இரண்டரைச் சுற்று. ஓரத்துக்குப் பெரியதும் எழுத்துக்குச் சிறியதும் மாற்றி மாட்டும்படி பிடியைச் செய்வது நல்ல வடிவமைப்பு.

பார்மசியில் ஊசி மாட்டும் குறுகிய வாய்ச் சிரிஞ்சை எடுக்காதீர்கள். நோயாளிக்கு மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கப் பயன்படும் அகன்ற வாய்ச் சிரிஞ் என்று கேளுங்கள்.

8. தள்ளும்போது மோட்டர் டக் டக்னு துள்ளுது, ஐசிங் வரல. பெரிய மோட்டர் போடவா?

போட வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு. முதலில் விசையை அளங்கள். ஐசிங் நிரப்பிய சிரிஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, தண்டை ஒரு தராசின் மேல் வைத்துக் குழாயைக் கீழே அழுத்துங்கள். ஐசிங் சீராக வரும்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண நீமா 17 மோட்டர் 8 மி.மீ. ஸ்க்ரூவில் 5, 6 கிலோவரைதான் நம்பிக்கையாகத் தள்ளும். 2 மி.மீ. ஸ்க்ரூவில் 12 கிலோவுக்குக் குறையாது. கணக்குப்படி நான்கு மடங்கு வர வேண்டும், உராய்வு ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும்.

தராசு 10 கிலோவைத் தாண்டினால் குறை மோட்டரில் இல்லை, ஐசிங் போகும் வழியில் இருக்கிறது. சிரிஞ்சைச் சட்டத்தில் வைத்து நீளக் குழாய் வழியே முனைக்குக் கொண்டுவந்திருந்தால் அந்தக் குழாயை எடுத்துவிட்டு முனையைச் சிரிஞ்சிலேயே மாட்டுங்கள். அடுத்ததாகச் சிரிஞ்சின் வாயை அகலமாக்குங்கள், பிறகு சிறிய சிரிஞ், பிறகு 2 மி.மீ. ஸ்க்ரூ. இந்த வரிசையைக் குழப்பாமல் போனால் மோட்டர் மாற்றும் தேவை அநேகமாக வராது.

ட்ரைவரின் மின்னோட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏ4988இன் ஒப்பு மின்னழுத்தமாக (விரெஃப்) 1 அம்பியருக்கு, அதன் சிறிய தடையில் ஆர்100 என்று இருந்தால் 0.8 வோல்ட், ஆர்050 என்றால் 0.4 வோல்ட் வைக்க வேண்டும். தடையைப் பார்க்காமல் இணையத்தில் கண்ட எண்ணை வைத்தால் மோட்டர் பாதி பலத்தில் ஓடும், அல்லது ட்ரைவர் சூடாகி விட்டு விட்டு நிற்கும்.

9. காலைல ஐசிங் வெளிய வரவே மாட்டேங்குது, பகல்ல தானா ஒழுகுது. ஒரே ஐசிங்தான், ஒரே செட்டிங்தான்!

ஐசிங் ஒன்றாக இருக்கலாம், அதன் வெப்பநிலை ஒன்றல்ல. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை மாதக் காலையில் சமையலறை 12 பாகையில் இருக்கும். அந்தக் குளிரில் பட்டர் கட்டி. 680 மீற்றரில் இருக்கும் பதுளையில் பகல் 28 பாகைக்கு வந்தால் அதே பட்டர் களிம்பு. மெஷினை நுவரெலியாவில் சரிசெய்துவிட்டுப் போட்டிக்குப் பதுளைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சிரிஞ்சில் ஐசிங்கை 20 முதல் 22 பாகைக்குள் வைப்பதே தீர்வு. குளிர் இடத்தில், நிரப்பி வாயை மூடிய சிரிஞ்சை 25 பாகைத் தண்ணீரில் 15 நிமிடம் நிறுத்துங்கள். அதற்குமேல் சூடாக்கினால் சுவரோரம் மட்டும் உருகி நடுவில் கட்டியாகவே இருக்கும், வெளியே வருவது எண்ணெய். சூடு இடத்தில் சிரிஞ்சை ஈரத்துணியால் சுற்றலாம். சிலர் ஹீட்டர் சுற்றுகிறார்கள். அது இன்னொரு பழுதுக்கு இடம்வைப்பது என்பது எங்கள் கருத்து. நான்கு அங்குலத் தெர்மோமீற்றர் ஒன்று போதும்.

குளிர் இன்னொரு இடத்திலும் விளையாடும். வழுக்குக் கம்பிக்குத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையும் என்பது போத்தலைப் பார்த்தாலே எல்லாருக்கும் தெரியும், ஆனால் கம்பியில் பூசும்போது நினைவுக்கு வராது. காலையில் தலை இழுத்து இழுத்து நகர்ந்தால் முதலில் கம்பியைத் துடைத்துப் பாருங்கள்.

10. கோடு முடிஞ்ச பிறகும் வால் மாதிரி வந்துகிட்டே இருக்கு. மோட்டர் நின்னுட்டுதான் இருக்கு.

உள்ளே அமுங்கிய ஏதோ ஒன்று திரும்பி விரிகிறது. பெரும்பாலும் காற்று. ஐசிங்கை வேகமாக அடித்தால் அதற்குள்ளேயே காற்று நிரம்பும், கடைசி இரண்டு நிமிடம் மிகக் குறைந்த வேகத்தில் கிளறி அதை வெளியேற்றுங்கள். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மேசையில் தட்டி நிரப்புங்கள். மாட்டிய பிறகு தொடர்ச்சியாகக் கோடு வரும்வரை ஒரு தட்டில் பிதுக்கிவிட்டே கேக்குக்குப் போக வேண்டும்.

காற்று இல்லாமலும் வால் வந்தால் சிரிஞ் பிடியைப் பாருங்கள். அச்சடித்த மெல்லிய பிடி, தள்ளும்போது வில்லாக வளைந்து பிறகு நிமிர்கிறது. மோட்டருக்கும் சிரிஞ்சின் விளிம்புக்கும் இடையே இரண்டு இரும்புக் கம்பி போட்டுக் கட்டினால் வளைவு நிற்கும். மீதியை மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளைகளில் (ஜி-கோட்) சரிசெய்யலாம். கோடு முடிய 10 மி.மீ. இருக்கும்போதே தள்ளுவதை நிறுத்தி, முடிந்ததும் தண்டை 0.3 மி.மீ. பின்னிழுங்கள். போதாவிட்டால் 0.1 மி.மீ.யாகக் கூட்டுங்கள். பின்னிழுத்த அளவை அடுத்த கோட்டின் தொடக்கத்தில் திருப்பித் தள்ள மறந்தால் முதல் எழுத்துப் பாதி இருக்காது.

11. கோடு நடுவில அறுந்து அறுந்து போகுது.

ஐசிங் சீனியை அரித்தீர்களா? மூடுபனிக் காலத்தில் பக்கெட்டைத் திறந்து ஒரு நாளில் கட்டி பிடிக்கும். கட்டி அடைத்தால் கோடு மெலிந்து, திடீரென்று துப்பும். காற்றுக் குமிழியானால் துப்பாமல் வெறும் இடைவெளி விழும். இரண்டுமில்லாமல் வளைவுகளில் மட்டும் அறுந்தால் முனை உயரத்தில் நிற்கிறது. முனைக்கும் கேக்குக்கும் இடைவெளி கோட்டின் தடிப்பளவு இருக்கட்டும். வேகம் விநாடிக்கு 20 மி.மீ. போதும், இதில் அவசரத்துக்குப் பரிசில்லை.

12. மார்லின் போட்டோம். சிரிஞ் மோட்டர் மட்டும் அசையவே இல்ல. வயர் மாத்திப் பாத்தாச்சு.

வயரில் குறையில்லை. மார்லின் என்பது போர்டுக்குள் ஓடும் மென்பொருள், பிளாஸ்டிக் உருக்கும் மெஷினுக்காக எழுதப்பட்டது. முனை சூடாகவில்லை என்று நினைத்துத் தள்ள மறுக்கிறது. வெப்ப உணரி வகையை 998 என்று வையுங்கள், அது எப்போதும் 25 பாகை என்று சொல்லும் பொய் உணரி. பிறகு ஜி-கோடின் முதல் வரியில் எம்302 பி1 என்று சேருங்கள், குளிரிலும் தள்ள அனுமதி கிடைக்கும். பாதை வெட்டும் மென்பொருளில் கம்பி விட்டம் கேட்கும் இடத்தில் சிரிஞ்சின் உள்விட்டத்தை, நம் உதாரணத்தில் 27 மி.மீ.யை, கொடுத்தால் தள்ளும் அளவை அதுவே கணக்கிடும்.

13. கேக் மேல்பக்கம் சமமில்ல. ஒரு பக்கம் முனை குத்துது, ஒரு பக்கம் தொங்குது.

உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, கேக் சீக்கிரம் எழும்பி நடுவில் அமுங்கும். கம்பியாலோ ரம்பக் கத்தியாலோ மேலை வெட்டிச் சமப்படுத்தி, மெல்லிய ஐசிங் பூச்சு ஒன்று கொடுங்கள். 5 மி.மீ. வித்தியாசத்தை வெட்டுவதற்குப் பதில் மென்பொருளால் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. வெட்டிய பிறகும் 1, 2 மி.மீ. இருந்தால் மார்லினில் கையால் அளந்து சமப்படுத்தும் வசதியில் ஒன்பது புள்ளிகளின் உயரத்தை எடுத்துக் கொடுக்கலாம்.

14. இங்கிலிஷ் எழுத்து நல்லா வருது, தமிழ்ல எழுதினா அசிங்கமா வருது. ஏன்?

கணினியில் இருக்கும் எழுத்துருக்கள் எழுத்தின் வெளி எல்லையைத்தான் வைத்திருக்கின்றன. அதை அப்படியே பாதையாக்கினால் ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாகும். ஆங்கிலத்துக்கு ஒற்றைக் கோட்டு எழுத்துருக்கள் எளிதில் கிடைக்கின்றன. தமிழுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் எழுத்தைப் பின்னால் மங்கலாக வைத்து, அதன் மேல் நீங்களே ஒற்றைக் கோடு வரைந்துகொள்வதுதான் பலன் தரும். கையால் எழுதும் வரிசையிலேயே வரையுங்கள்.

அடுத்தது சுழி. ண, ஞ, ை போன்றவற்றின் சுழி, கோட்டின் தடிப்பைப்போல் மூன்று மடங்காவது அகலமாக இல்லாவிட்டால் உள்ளே அடைத்துக் குண்டாகிவிடும். 3 மி.மீ. கோட்டுக்கு 9 மி.மீ. சுழி, அப்படியானால் எழுத்தின் உயரம் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அந்த அளவில் ‘பிறந்தநாள்’ என்பது 8 அங்குலக் கேக்கில் ஒரு வரியை முழுதாக எடுத்துக்கொள்ளும், ‘வாழ்த்துகள்’ இரண்டாம் வரிக்குப் போகும். கோட்டை 2 மி.மீ. ஆக்கினால் இடம் கிடைக்கும், ஆனால் 8ஆம் பதிலில் சொன்ன விசை ஏறும்.

புள்ளிகளை எழுத்தோடு எழுத்தாக வைக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் தூக்கி இறக்கும்போது 10ஆம் பதிலில் சொன்ன வால் விழும். எல்லா எழுத்தும் முடிந்த பிறகு புள்ளிகளை ஒரே ஓட்டமாக வையுங்கள். முனை நின்ற இடத்திலேயே பிதுக்கி, பின்னிழுத்து, நேர் மேலே 15 மி.மீ. எழும்ப வேண்டும்.

15. பிரிண்ட் பண்ணின பாகம் ஐசிங்ல படலாமா?

படாமல் வடிவமையுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடித்த பாகத்தின் படை வரிகளுக்குள் கொழுப்பு தங்கும், கழுவினாலும் போகாது. ஐசிங் தொடுவது சிரிஞ்சும் துருவேறா உருக்கு முனையும் மட்டுமே. பித்தளை முனை வேண்டாம், அதில் ஈயம் கலந்திருக்கலாம். கேக்குக்கு மேலே ஓடும் ஸ்க்ரூவுக்குக் கிரீஸ் பூசாமல், உணவுத் தரக் கனிம எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கீழே ஒரு தட்டைக் கட்டிவிடுங்கள்.

சிரிஞ் பிடியைப் பட்டாம்பூச்சி நட்டால் பூட்டினால் கருவியில்லாமல் கழற்றலாம். மலை ஊரின் குழாய்த் தண்ணீரில் முனையைக் கழுவினால் பட்டர் உள்ளேயே உறையும். சுடுதண்ணீரும் பாத்திரச் சோப்பும் வேண்டும். இரவில் கழுவாமல் வைத்தால் மறுநாள் எறும்பு வரிசை கட்டும்.

16. நடுவில கரண்ட் போனா?

விழுந்த ஐசிங்கைக் கரண்டியால் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஐந்து நிமிட வேலைக்கு மின்தடை மீட்பு எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

17. ஒரே நேரத்தில ஸ்க்ரூவும் மாத்தினோம், முனையும் மாத்தினோம். இப்ப நல்லா வருது. எதனால நல்லா வந்துச்சுன்னு நடுவர் கேட்டா என்ன சொல்ல?

பழைய முனையை மட்டும் திரும்ப மாட்டி, ஐசிங்கை அதே 21 பாகையில் வைத்து ஒரு கோடு போடுங்கள். பழையபடி துள்ளினால் காரணம் முனை. துள்ளாவிட்டால் ஸ்க்ரூ. அரை மணி நேர வேலை. முனை தேவையில்லாத மாற்றம் என்று தெரிந்தால் மெல்லிய பழைய முனையையே வைத்து எழுத்தைச் சிறிதாக்கலாம், அது லாபம்தானே.

இனிமேல் கொப்பியில் ஒரு மாற்றத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: திகதி, ஐசிங்கின் வெப்பநிலை, தராசு காட்டிய கிலோ, மாற்றிய ஒரே பாகம், 200 மி.மீ. சோதனைக் கோடு ஒன்றின் எடை. 4 மி.மீ. கோடானால் அதன் கனவளவு 2.5 மி.லீ. வர வேண்டும். அதே ஐசிங்கில் 10 மி.லீ.யை நிறுத்து நாலில் ஒரு பங்கை எடுத்தால் எதிர்பார்க்கும் எடை கிடைக்கும், 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு இருந்தால் போதும். எடை தொடர்ந்து ஐந்து கோட்டுக்கு அதற்குப் பக்கத்திலேயே நின்றால் அந்த மொடலைப் பூட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.